எட்டாத தொலைவில் நீதிமன்றம்: நீதிபதி கே. சந்துருவின் பணிவாழ்க்கையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வி

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் தியாகதுருகம் இருக்கிறது. அதற்கு மேற்கே கள்ளக்குறிச்சி, வடமேற்கே கல்வராயன் மலை, தென்கிழக்கே விருத்தாசலம் வட்டத்தின் முந்திரிக்காட்டுக் கிராமங்கள். 1993 செப்டம்பர் இறுதிவரை இவையெல்லாம் ஒரே தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தன. பிறகு விழுப்புரம், கடலூர் எனப் பிரிந்தன. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. எல்லைகள் மாறினாலும் ஒன்று மாறவில்லை. காவல் துறையோ வனத் துறையோ வருவாய்த் துறையோ தன் உரிமையைப் பறித்துவிட்டது என்று இப்பகுதியின் ஏழை ஒருவர் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோர வேண்டுமானால், 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து சென்னைக்குத்தான் போயாக வேண்டும். 2004-இல் தொடங்கிய மதுரைக் கிளை தென்மாவட்டங்களுக்கு உரியது. இப்பகுதி அதன் வரம்புக்குள் வராது. தொலைவைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்கவும் முடியாது. வழக்கறிஞர் கட்டணம், இழக்கும் நாள்கூலி, காவல் நிலையத்தின் மீதான அச்சம், புரியாத மொழியில் நடக்கும் விசாரணை ஆகிய அனைத்தும் அந்தத் தொலைவைக் கூட்டுகின்றன.

இவ்வளவு தொலைவில் இருக்கும் மனிதருக்கு ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியால் என்ன செய்ய முடியும்? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான். அதற்குச் சான்றாக இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது 2006 முதல் 2013 வரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சந்துருவின் வாழ்வும் பணியும். அவர் இந்தப் பகுதியில் பிறந்தவர் அல்லர். 1951-இல் திருவரங்கத்தில் பிறந்தவர். ஆனால் அவருடைய பெயரைத் தமிழகம் முழுவதும் கொண்டு சென்ற வழக்கு பழைய தென்னார்க்காட்டு மண்ணில் நிகழ்ந்தது. அவருடைய பணியின் சாதனையையும் எல்லையையும் ஒருங்கே சோதித்துப் பார்க்க ஏற்ற இடமும் இதுவே.

இக்கட்டுரையின் வாதம் இது: சந்துருவின் பங்களிப்பை அவருடைய நெஞ்சுரத்தாலோ கொள்கைப் பற்றாலோ மட்டும் விளக்கிவிட முடியாது. நீதிமன்ற நடைமுறை என்பதே ஏழைக்கு வாசலாகவும் தடையாகவும் இருக்கிறது என்பதை அவர் வழக்கறிஞராக இருந்தபோதே கண்டுகொண்டார். நீதிபதியானபின் அந்த நடைமுறையை மாற்றுவதையே தன் பணியாக்கினார். ஆனால் ஒரு நீதிபதி தன் நீதிமன்ற அறையில் மாற்றிய நடைமுறை அவரோடு ஓய்வு பெற்றுவிடும். அதை நிறுவனத்தின் வழக்கமாக்காத வரை கல்வராயன் மலைக்கு அதனால் நிலையான பயன் கிடைக்காது.

2. இதுவரையிலான இரு வாசிப்புகள்

சந்துருவைப் பற்றிப் பொதுவெளியில் இரண்டு வாசிப்புகள் நிலவுகின்றன. முதலாவது, நாயக வாசிப்பு. 2021-இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் இதற்குப் பெரும் வலுவூட்டியது. ஒடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடிக் காவலர்களைத் தண்டனைக்கு உள்ளாக்கிய வழக்கறிஞர் என்ற சித்திரம் மக்கள் மனத்தில் பதிந்தது. அந்தச் சித்திரம் பொய்யன்று. ஆனால் அது இரண்டு வேறுபாடுகளை மறைத்துவிடுகிறது. திரைப்படம் இருளர் சமூகத்தின் கதையாகச் சொன்ன நிகழ்வு, உண்மையில் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர்களுக்கு நேர்ந்தது. மேலும், அந்த வழக்கில் சந்துரு வழக்கறிஞர். தீர்ப்பு வழங்கியவர்கள் வேறு நீதிபதிகள். வாதாடுபவரின் கடமையும் தீர்ப்பளிப்பவரின் கடமையும் வெவ்வேறானவை. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தால் நீதிபதி சந்துரு செய்தது என்ன என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

இரண்டாவது, ஐய வாசிப்பு. இந்திய மாணவர் சங்கத்திலும் மார்க்சிஸ்ட் கட்சியிலும் இயங்கிய ஒருவர் நீதிபதியாகும்போது தன் அரசியலைச் சட்டமாக எழுதிவிடுவார் என்பது இதன் அடிப்படை. அவர் முடித்துவைத்த வழக்குகளின் பெரும் எண்ணிக்கையையும் இவ்வாசிப்பு ஐயத்துடனே பார்க்கிறது. இரண்டு வாசிப்புகளும் எதிரெதிர்த் திசைகளில் நின்றாலும் ஒரே அனுமானத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. நீதிபதியின் மனச்சாய்வுதான் தீர்ப்பைத் தீர்மானிக்கிறது என்பதே அந்த அனுமானம். ஒரு தரப்பு அதைப் போற்றுகிறது, மறுதரப்பு அஞ்சுகிறது. அவருடைய வழக்குகளையும் தீர்ப்புகளையும் நெருங்கிப் பார்த்தால் இந்த அனுமானம் போதாது என்பது தெரியவரும்.

3. வழக்கறிஞர் காலம்: ஆட்கொணர்வு மனு திறந்த வழி

1976-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட சந்துரு, தொழிலாளர் வழக்குகளுக்குப் பெயர்பெற்ற ‘ராவ் அண்ட் ரெட்டி’ அலுவலகத்தில் தொழில் பயின்றார். தொழிலாளர் சட்டம் ஒருவருக்குத் தரும் பயிற்சி தனித்தன்மை உடையது. அங்கே உரிமை எவ்வளவு பெரியது என்பதைவிட அது எந்தத் தேதியில் கையில் கிடைக்கிறது என்பதே முக்கியம். பணிநீக்கம் செய்யப்பட்டவருக்குப் பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் வெற்றி, இடையில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் படிப்பைத் திருப்பித் தராது. காலமும் செலவும் ஏழையின் வழக்கை எப்படித் தின்கின்றன என்பதை அவர் இங்கேதான் கற்றார். நீதிபதியாக அவர் செய்த மாற்றங்கள் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படையான வழக்கு இந்தக் காலத்தது. 1993 மார்ச்சில் விருத்தாசலம் வட்டத்து முதனை கிராமத்தில் குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர், பக்கத்து ஊரில் நடந்த திருட்டு தொடர்பாகக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் தப்பி ஓடிவிட்டார் என்றது காவல் துறை. திருட்டு தொடர்பாக அவர்மேல் விழுந்த சந்தேகம் வெற்றிடத்தில் பிறந்ததன்று. 1871-இல் இயற்றப்பட்டு 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கியது. குறவர்களும் அதில் சிக்கினார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கப்பட்டது. ஆனால் திருட்டு நடந்தால் முதலில் எந்தத் தெருவுக்குப் போவது என்ற காவல் நிலையப் பழக்கம் அத்துடன் நீங்கிவிடவில்லை. முதனை வழக்கை ஒரு காவல் நிலையத்தின் அத்துமீறலாக மட்டும் படிப்பது இந்த நீண்ட வரலாற்றை விட்டுவிடுவதாகும்.

காணாமல்போனவரின் மனைவிக்கு உள்ளூர் இடதுசாரி இயக்கத்தினர் துணைநின்றார்கள். வழக்கு சந்துருவிடம் வந்தது. அவர் தேர்ந்த கருவி ஆட்கொணர்வு மனு. உரிமையியல் வழக்கைப் போல அதற்கு நீண்ட காலம் காத்திருக்க வேண்டியதில்லை. காவலில் உள்ளவரை நேரில் நிறுத்து என்று அரசை நோக்கி நேராகக் கேட்கலாம். ஆனால் அதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. வழக்கமாக அம்மனு பிரமாண வாக்குமூலங்களின் அடிப்படையிலேயே முடிவு செய்யப்படும். ‘எங்கள் காவலில் இல்லை’ என்று காவல் துறை எழுதிக்கொடுத்துவிட்டால் பெரும்பாலும் கதவு அடைபட்டுவிடும். ஏழையின் சொல்லுக்கும் அதிகாரியின் சொல்லுக்கும் இடையே காகிதத்தில் போட்டி நடந்தால் வெல்வது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் காவலில் மறைந்த மாணவர் ராஜனின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 1977-இல் ஆட்கொணர்வு மனுவிலேயே சாட்சிகளை விசாரித்திருந்தது. அந்த முன்னுதாரணத்தைத் துணைகொண்டு, இந்த வழக்கிலும் சாட்சிகள் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட வழி பிறந்தது. எழுத்துக்கு எதிராக எழுத்து என்றிருந்த இடத்தில் குறுக்கு விசாரணை வந்தது. காவல் துறையின் கதை குலைந்தது.

இதே 1993 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் ‘நீலாபதி பெஹரா’ வழக்கில், காவல் மரணத்துக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்றும் அதை நீதிப்பேராணை அதிகாரத்தின் கீழேயே வழங்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. 1996-இல் வந்த ‘டி.கே.பாசு’ தீர்ப்பு, கைதுக்கான நெறிமுறைகளை வகுத்தது. ஆகவே முதனை வழக்கைத் தனியொருவரின் சாகசமாகக் காண்பதைவிட, காவல் நிலையத்தின் இருட்டறைக்குள் அரசமைப்பைக் கொண்டுசெல்ல இந்திய நீதிமன்றங்கள் முயன்ற ஒரு காலத்தின் பகுதியாகக் காண்பதே பொருந்தும். அந்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் கடைசித் தீர்ப்பு வர 2006 ஆகிவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள். தேர்ந்த வழக்கறிஞர் கட்டணமின்றி நின்றும், இயக்கம் ஒன்று விடாமல் துணையிருந்தும், சாட்சியம் வலுவாக இருந்தும் இவ்வளவு காலம். இவற்றில் ஒன்றேனும் இல்லாத ஏழையின் வழக்கு என்னவாகும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

4. நீதிபதி இருக்கையில்: தீர்ப்புகளின் அமைப்பு

அந்த 2006-ஆம் ஆண்டின் ஜூலை இறுதியில்தான் சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தின் கூடுதல் நீதிபதியானார். 2009 நவம்பரில் நிரந்தர நீதிபதியானார். 2013 மார்ச்சில் ஓய்வு பெற்றார். 1862-இல் நிறுவப்பட்ட இந்த நீதிமன்றத்தில் முதல் பட்டியலினத்தவராக ஏ. வரதராஜன் நீதிபதியாக அமர 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த வாழ்வனுபவம் நீதிபதி இருக்கையை எட்டுகிறது என்பது இந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் எப்போதும் உயிருள்ள கேள்வி. சந்துரு கொண்டுவந்த அனுபவம், மனுதாரரின் பக்கத்தில் நின்று நீதிமன்றத்தைப் பார்த்த ஒருவரின் அனுபவம்.

அவருடைய தீர்ப்புகளில் பரவலாகப் பேசப்பட்ட சிலவற்றின் அமைப்பைப் பார்ப்போம். உசிலம்பட்டிப் பகுதியின் அம்மன் கோயில் ஒன்றில் தந்தைக்குப்பின் பூசை செய்துவந்த பெண்ணை ஊரார் தடுத்தபோது, 2008-இல் அவர் அளித்த தீர்ப்பு அப்பெண்ணின் உரிமையைக் காத்தது. புதிய உரிமை ஒன்றை அத்தீர்ப்பு கண்டுபிடிக்கவில்லை. பெண் பூசை செய்யக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்டது. தடைவிதிப்பவரே அதற்கான சட்ட ஆதாரத்தைக் காட்ட வேண்டும் என்று சுமையை இடம் மாற்றியதுதான் அதன் நுட்பம். வழக்கம் என்ற பெயரில் நிற்கும் அதிகாரம் பெரும்பாலும் தன் ஆதாரத்தைக் காட்ட அழைக்கப்படுவதே இல்லை. அழைத்துவிட்டால் அது தடுமாறுகிறது.

2013 ஜனவரியில், எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அவர் செல்லாதவை என அறிவித்தார். நாடகம் போடுவதற்கு முன்பே பிரதியைக் காவல் அதிகாரியிடம் கொடுத்து இசைவுக்குக் காத்திருக்கும் நிலை, கருத்துரிமைக்கு அரசமைப்பு தரும் பாதுகாப்புக்குப் பொருந்தாதது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களைக் கட்டுப்படுத்தவே இச்சட்டம் வந்தது என்று பரவலாகக் கருதப்படுகிறது. அது சட்டப் புத்தகத்தில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நீடித்திருந்தது. இங்கேயும் நீதிபதி செய்தது, அரசமைப்பின் சொற்களுக்கு அருகே பழைய சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்ததுதான்.

சத்துணவு மையப் பணி நியமனங்களில் இனச்சுழற்சி இடஒதுக்கீடு பின்பற்றப்பட வேண்டும், சுடுகாடு இடுகாடுகள் சாதி பாராமல் பொதுவாக இருக்க வேண்டும் என்ற தீர்ப்புகளும் இந்த வரிசையில் வருகின்றன. சத்துணவு மையத்தின் சமையலறை சிறிய இடம். அங்கே யார் சமைக்கிறார் என்பது பெரிய செய்தி. பட்டியலினப் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று பெற்றோர் தடுக்கும் நிகழ்வுகள் தமிழகத்துக்குப் புதியவையல்ல. ‘அம்பேத்கர் ஒளியில் எனது தீர்ப்புகள்’ என்று தன் நூலொன்றுக்கு அவர் பெயரிட்டதன் காரணம் இங்கே விளங்குகிறது. அரசமைப்பை நீதிமன்ற மாடத்திலிருந்து இறக்கி, சமையலறை, சுடுகாடு, கருவறை என்று சாதியும் ஆணாதிக்கமும் அன்றாடம் இயங்கும் இடங்களில் செயல்பட வைப்பதே இத்தீர்ப்புகளின் பொதுப்பண்பு. ஆனால் ஒவ்வொன்றும் சட்ட வாசகத்தின் மேல் நிற்கிறது. கொள்கைப் பற்று கேள்வியைத் தேர்ந்துகொள்ள உதவியிருக்கலாம்; விடை சட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டது.

5. எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளில் சந்துரு 96,000 வழக்குகளை முடித்துவைத்தார் என்பது அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் இடம்பெறும் செய்தி. ஆண்டுக்குச் சுமார் 210 வேலை நாட்கள் என்று கொண்டால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 70 வழக்குகள். இந்த எண் வியப்பூட்டுவதோடு ஐயத்தையும் எழுப்புகிறது. ஒரு வழக்குக்குச் சில நிமிடங்களே கிடைத்திருந்தால், வாதத்தை முழுமையாகக் கேட்க முடிந்திருக்குமா? நியாயமான கேள்வி இது. நாயக வாசிப்பு இதைத் தவிர்த்துச் செல்கிறது.

இதற்கு விடை காண, உயர் நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளின் இயல்பை அறிய வேண்டும். பணி தொடர்பான நீதிப்பேராணை மனுக்களில் ஒரே அரசாணையை எதிர்த்து நூற்றுக்கணக்கானோர் தனித்தனியே மனுச் செய்வதுண்டு. சட்டக் கேள்வி ஒன்றுதான்; கோப்புகள் மட்டும் நூறு. அவற்றை இனம் பிரித்து ஒன்றாக அடுக்கி ஒரே தீர்ப்பில் முடித்தால் நூறு குடும்பங்களின் காத்திருப்பு ஒரு நாளில் தீரும். அடுக்காமல் விட்டால் அந்த நூறும் நூறு வெவ்வேறு தேதிகளில் நூறு ஒத்திவைப்புகளைச் சந்திக்கும். வழக்குகளைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பட்டியலிடுவதும், கோப்பை முன்கூட்டியே படித்துவிட்டு இருக்கையில் அமர்வதும், காரணமற்ற ஒத்திவைப்பை மறுப்பதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஓய்வூதியத்துக்காகக் காத்திருக்கும் கல்வராயன் மலை அங்கன்வாடி உதவியாளருக்கு, உரிமை பற்றிய உரைகளைவிட இந்த அடுக்குமுறையே உயிரானது.

இருந்தாலும் எண்ணிக்கையே தரத்துக்குச் சான்றாகிவிடாது. மேல்முறையீட்டில் எத்தனை தீர்ப்புகள் நின்றன, எத்தனை ஆணைகளை அதிகாரிகள் நிறைவேற்றினார்கள் என்பவையே உண்மையான அளவுகோல்கள். எந்த நீதிபதியைப் பற்றியும் இத்தகைய கணக்கை வெளியிடும் வழக்கம் நம் உயர் நீதிமன்றங்களில் வேரூன்றவில்லை. முடித்த வழக்கின் எண்ணிக்கையைக் கொண்டாடும் பண்பாடு, நிறைவேறிய ஆணையின் எண்ணிக்கையைக் கேட்கும் பண்பாடாக வளர வேண்டும். சந்துருவின் பணியை மதிப்பவர்களே முதலில் இதைக் கேட்க வேண்டும்.

6. எளிமையின் நிறுவனப் பொருள்

‘மை லார்ட்’ என்று அழைக்க வேண்டாம் என்று அவர் வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொண்டது, முன்னே கோலேந்திச் செல்லும் டவாலியைத் தவிர்த்தது, சிவப்பு விளக்கையும் துப்பாக்கி ஏந்திய பாதுகாவலரையும் மறுத்தது, பதவியேற்றபோதும் விலகியபோதும் தலைமை நீதிபதியிடம் சொத்துக் கணக்கை அளித்தது, பிரிவுபசார விழாவை ஏற்காமல் கடைசி நாளில் புறநகர் ரயிலில் வீடு திரும்பியது ஆகியவை நன்கு அறியப்பட்டவை. இவற்றைத் தனிமனித ஒழுக்கமாகப் போற்றிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் இவற்றுக்கு நிறுவன அளவில் ஒரு பொருள் உண்டு. நீதிமன்றத்தின் சடங்குகள் எல்லாத் தரப்பையும் சமமாகத் தாக்குவதில்லை. பழகிய வழக்கறிஞருக்கும் அரசு அதிகாரிக்கும் அவை வெறும் மரபு. முதல்முறை படியேறும் மலைவாழ் விவசாயிக்கு அவை, இந்த இடம் தனக்கானதன்று என்ற அறிவிப்பு. காவல் நிலையத்தில் கைகட்டி நின்று பழகியவர் அதே அச்சத்தோடு நீதிமன்றத்திலும் நின்றால் உண்மையைச் சொல்லத் தயங்குவார். சடங்கைக் குறைப்பது சாட்சியத்தின் தரத்தைக் கூட்டும் செயல். 2006-இல் இந்திய வழக்கறிஞர் கழகமே காலனிய விளிச்சொற்களைக் கைவிடும் வகையில் விதி வகுத்தது. விதி இருந்தும் பழக்கம் தொடர்ந்தது. சந்துரு அந்த விதிக்குத் தன் அறையில் உயிர் கொடுத்தார்.

7. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு, அரசியல் பின்னணி பற்றியது. மாணவப் பருவத்திலிருந்து கட்சி அரசியலில் இயங்கியவர் நடுநிலை காக்க முடியுமா? வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது. 1957-இல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அரசில் அமைச்சராக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1973-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த கே.எஸ்.ஹெக்டே பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, காங்கிரஸ் அரசுக்கு உவப்பில்லாத நிலைப்பாடுகளை எடுத்து, 1973-இல் பணிமூப்பு புறக்கணிக்கப்பட்டபோது பதவி விலகினார். சந்துருவும் இலங்கைப் பிரச்சினையில் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1980-களின் இறுதியிலேயே தன் கட்சியிலிருந்து பிரிந்தவர். வெளிப்படையாகத் தெரிந்த அரசியலைவிட, தன்னை அரசியலற்றது என்று எண்ணிக்கொள்ளும் சாதி, வர்க்கச் சாய்வே நீதிக்குக் கூடுதல் ஆபத்தானது. முன்னதைத் தீர்ப்பின் காரணங்களில் தேடிச் சோதிக்கலாம். பின்னது இயல்பான உலகப் பார்வையாகத் தோன்றிச் சோதனைக்கு வராமலே போய்விடும்.

இரண்டாவது மறுப்பு, நீதிமன்றம் தன் எல்லையைக் கடக்கிறது என்பது. கோயில் பூசையும் சுடுகாடும் சமூகம் தானே மாற்றிக்கொள்ள வேண்டியவை. தீர்ப்பால் திணித்தால் எதிர்விளைவே வரும் என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்தில் ஒரு பகுதி உண்மை. தீர்ப்பு மனங்களை மாற்றாது. ஆனால் அந்த வழக்குகளில் நீதிமன்றத்தை நாடியவர்கள் உரிமை மறுக்கப்பட்டவர்கள். சமூகம் மாறும்வரை பொறுத்திருங்கள் என்று அவர்களிடம் சொல்லும் அதிகாரம் எந்த நீதிபதிக்கும் இல்லை. அரசமைப்பின் 226-ஆம் பிரிவு, வந்து கேட்பவருக்கு விடை சொல்லும் கடமையை உயர் நீதிமன்றத்தின் மேல் சுமத்துகிறது. விடை சொல்லாமல் இருப்பதும் ஒரு தரப்புக்குச் சார்பான விடைதான்.

மூன்றாவது மறுப்பு இவற்றைவிட ஆழமானது. ஒரு நீதிபதியை இவ்வளவு முன்னிறுத்துவது நிறுவனத்தின் தோல்வியை மறைத்துவிடாதா? நல்ல நீதிபதி கிடைத்தால் நீதி, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலை, நல்ல மன்னனுக்காக ஏங்கிய பழைய நிலையிலிருந்து எவ்வளவு வேறுபட்டது? இந்த மறுப்பை முழுமையாக ஏற்றாக வேண்டும். இதன் வலிமையைக் காட்டுவதற்குக் கல்வராயன் மலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

8. கல்வராயன் மலை காட்டும் எல்லை

கல்வராயன் மலையின் கிராமங்கள் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தவை. நாடு விடுதலையடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்தபின்பே அரசு நிர்வாகம் அங்கே முழுமையாகக் கால்வைத்தது. மலையாளி பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் அந்த மலையில், நில உரிமைக்கான பெரிய வாய்ப்பாக 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை ஒன்று, தமிழகத்தில் அச்சட்டப்படியான உரிமைப் பட்டயங்கள் வழங்கப்படுவதைப் பல ஆண்டுகள் முடக்கி வைத்தது. சந்துரு அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த காலம் அது. ஓர் அறையில் ஒருவர் வாசலைத் திறந்துகொண்டிருந்தபோது, அதே கட்டடத்திலிருந்து வந்த வேறோர் ஆணை மலைவாழ் மக்களின் வாசலை அடைத்து நின்றது. நிறுவனம் என்பது ஒரு நீதிபதியின் இயல்பால் ஆனதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதையடுத்து ஜூலையில், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் ஆகிய நீதிபதிகளின் அமர்வு தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலை, மருத்துவம், கல்வி, வாழ்வாதாரம் என்று அடிப்படைகள் பற்றி அரசிடம் கேள்விகள் எழுந்தன. வரவேற்க வேண்டிய தலையீடு. ஆனால் மலைக்குச் சாலை இல்லை என்ற உண்மை உயர் நீதிமன்றத்தை எட்டுவதற்கு அடிவாரத்து நகரில் அத்தனை பேர் சாக வேண்டியிருந்தது. மலை மக்களே தங்கள் குறையை வழக்காக்கி நீதிமன்றத்தின் முன் வைக்கும் வழி இருந்திருந்தால், அது முன்பே கேட்கப்பட்டிருக்கும்.

அருகிலுள்ள சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி இதற்கு மற்றொரு சான்று. 1992 ஜூனில் அரசுப் பணியாளர்கள் அந்தக் கிராமத்தில் நடத்திய வன்கொடுமைக்கு 2011-இல்தான் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023-இல் அதை உறுதிசெய்த நீதிபதி பி. வேல்முருகன், தீர்ப்புக்கு முன் தாமே வாச்சாத்திக்குச் சென்று இடத்தைப் பார்த்தார். நீதிமன்றம் மக்களை நோக்கி நடந்த அரிய நிகழ்வு அது. முதனையில் 13 ஆண்டுகள், வாச்சாத்தியில் 31 ஆண்டுகள். இரண்டு வழக்குகளிலும் நீதி வென்றது என்று சொல்லும்போதே, இவ்வளவு காலமும் தாக்குப்பிடித்தவர்கள் வழக்குத் தொடுத்த ஏழைகள்தாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

9. முடிவுரை

ஓய்வுக்குப் பின் சந்துரு தலைமையேற்ற ஒரு நபர் குழுக்களில், பள்ளிகளில் சாதியுணர்வைக் களைவது பற்றிய குழு முக்கியமானது. 2023-இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் தாக்கப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட அக்குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் போன்ற சாதி அடையாளங்கள் பள்ளிப் பெயர்களில் நீடிக்கக் கூடாது, அவை பொதுவான அரசுப் பள்ளிகளாக வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. தீர்ப்பிலிருந்து அறிக்கைக்கு அவர் நகர்ந்தது, இக்கட்டுரையின் வாதத்துக்கு நெருக்கமானது. தனி வழக்கு தனி மனிதருக்கு நிவாரணம் தரும். அடுத்த வழக்கு எழாமல் தடுக்க நிர்வாக விதி மாற வேண்டும்.

அந்த நோக்கில் அவருடைய பணிவாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை நடைமுறை சார்ந்தவை. ஒரே சட்டக் கேள்வியுள்ள வழக்குகளை அடுக்கி விரைந்து முடிப்பதை, நீதிபதியின் விருப்பத்துக்கு விடாமல் பதிவாளர் அலுவலகத்தின் கட்டாயக் கடமையாக்கலாம். ‘காவலில் இல்லை’ என்ற ஒற்றை வாக்குமூலத்தோடு ஆட்கொணர்வு மனுவை முடித்துவிடாமல், ஐயத்துக்கு இடமிருந்தால் சாட்சி விசாரணைக்கு அனுப்புவதை வழக்கமாக்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இலவச சட்ட உதவியை உரிமையாக்கியிருக்கிறது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலேயே நிலையான சட்ட உதவி மையமும், அங்கிருந்து காணொளி வழியே உயர் நீதிமன்ற விசாரணையில் பங்கேற்கும் வசதியும் அந்த உரிமைக்கு உருவம் கொடுக்கும். உயர் நீதிமன்ற ஆணைகளில் எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை என்ற மாவட்டவாரியான ஆண்டறிக்கையை வெளியிட்டால், தீர்ப்பைக் காகிதத்தில் வென்று கையில் இழப்பவர்களின் நிலை வெளிச்சத்துக்கு வரும். இவற்றில் எதற்கும் அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றை உயர் நீதிமன்றமே தன் விதிகளாலும் சுற்றறிக்கைகளாலும் செய்துவிடலாம்.

ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியால் தொலைவில் இருப்பவருக்கு என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு, சந்துருவின் பணி தரும் விடை இதுதான்: தன் அறைக்குள் வந்துவிட்டவருக்கு மிகுதியாகச் செய்ய முடியும், வர முடியாதவருக்குத் தனியொருவராக அவரால் ஏதும் செய்ய முடியாது. அவரை நாயகராகப் போற்றுவோரும் ஐயத்துடன் நோக்குவோரும் இந்த விடையின் இரண்டாம் பகுதியைக் கவனிப்பதில்லை. அவருக்குச் செய்யும் மரியாதை, அவரைப் போன்ற இன்னொருவர் வருவார் என்று காத்திருப்பதில் இல்லை. அவர் செய்ததைச் செய்யாமல் இருக்க எந்த நீதிபதிக்கும் வழியில்லாதபடி விதிகளை எழுதச் சொல்லி உயர் நீதிமன்றத்தையும் அரசையும் வற்புறுத்துவதில் இருக்கிறது.